கோர்ட் கலையும் வரை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்த் துணி மடிக்கிற ஆள் நான். காசிமேட்டுப் பக்கம் இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை விட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. நீங்களும் நம்பப் போவதில்லை, உங்கள் முகமே சொல்கிறது, இருக்கட்டும். இது ராத்திரி நடந்ததுகூட இல்லை, பட்டப்பகலில், ஆள் நிற்க இடமில்லாத கோர்ட்டில் நடந்தது.

தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்து ஆடிய சமயம் நாங்கள் தண்டையார்பேட்டை குடிசை மாற்று வாரிய வீட்டில் இருந்தோம். லாரி வந்தால்தான் தண்ணீர், பல நாள் லாரியும் வராது. ஒருநாள் பொம்பளைகள் எல்லாரும் காலிக் குடத்தோடு போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். எதிர்வீட்டு தேசம்மா அக்கா தனக்கு எதற்கு வம்பு என்று கதவுக்குள்ளேயே நின்றாள், நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போலீஸ் எங்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, எலுமிச்சைச் சாதம் கொடுத்து, பேரை எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அப்புறம் சம்மன் வந்தது. மற்றவர்கள் போய் அபராதம் கட்டினார்கள். தேசம்மா அக்கா என்னிடம் வந்து கேட்டபோது, வேலையை விட்டுவிட்டு அதற்கெல்லாம் யார் போவது, தானாக மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் அவளுக்கு அதுதான் சரி. அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்கு வேலை மாறியதில் நாங்கள் எண்ணூருக்குப் போய்விட்டோம், நான் அந்தச் சம்மனை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஞாபகப்படுத்தியது பாஸ்போர்ட்தான். குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்திருந்தேன். போலீஸ் விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், போனால் அங்கிருந்த ரைட்டர் தனம் என்ற என் பேரைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உன் பேர்ல பிடிவாரண்ட் கீது, நீ பாட்டுக்கு வெளிநாடு போவேன்னு நிக்கிறே" என்றார். நல்ல மனுஷன், அங்கேயே பிடித்து உட்காரவைக்கவில்லை. எந்த கோர்ட், என்ன நம்பர் என்று தேடிக் கண்டுபிடித்து, வக்கீல் வைத்து ஆஜரானால் வாரண்டை ரத்து செய்துவிடுவார்கள் என்று வழி சொன்னார்.

தேடுவது சொன்ன மாதிரி லேசாக இல்லை. ஒரு ஸ்டேஷனில் எல்லை மாறிவிட்டது, அந்த ஸ்டேஷனுக்குப் போ என்றார்கள், அங்கே போனால் கேஸ் கட்டெல்லாம் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். கோர்ட்டில் ஒரு வயசான ஏட்டு தூசிக்குள் தலையை விட்டுத் தேடி, கடைசியில் குண்டூசி குத்திய இரண்டு தாளை எடுத்தார். ஒன்றில் என் பேர், இன்னொன்றில் தேசம்மா பேர். இரண்டு பேருமே தலைமறைவு என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே. அவளையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரே நாளில் முடித்துவிடலாம், பார்த்தும் ரொம்ப நாளாகிறது என்று நேரே தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அவள் மகன் ஏழுமலைதான் கதவைத் திறந்தான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு தூக்குகிறவன். என்னைப் பார்த்ததும் உள்ளே கைகாட்டினான், சுவரில் மாலை போட்ட போட்டோ. போன பொங்கலுக்கு முன்னால் ஜுரத்தில் போய்விட்டாள் என்றான். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் ஒருநாள் வந்து பார்க்கவில்லை.

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். போலீஸ் வந்தால் அம்மா பின்பக்கமாகப் போய்க் கடைசி வீட்டுக் கக்கூஸில் ஒளிந்துகொள்வாளாம், காத்திவாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய்க் கிடப்பாளாம். என் விலாசம் கேட்டால் தெரியாது என்று சொல்லும்படி இவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஜுரம் முற்றியபோதும் பெரியாஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"வாசல்ல போலீஸ் நிக்கும், பேர் கேப்பாங்கன்னு பயந்துச்சு சித்தி. கோர்ட்டுக்குப் போலாம் வாம்மான்னா, தனம் வரட்டும், ரெண்டு பேருமா போய்டலாம்னு சொல்லிகினே இருந்துச்சு."

நான் அவன் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இறப்புச் சான்றிதழ் ஒரு நகல் கொடுத்தான், அதைக் காட்டினால் அவள் பேரை வழக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அப்புறம் நான் வைத்த வக்கீலம்மா சொன்னார். சின்ன வயசு வக்கீல், தேசம்மாவை முன்னேபின்னே பார்த்தது கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஜராகிற நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எங்கள் வழக்கு வந்தது. டவாலி வாசலுக்கு வந்து என் பேரைக் கூப்பிட்டார், நான் போய்க் கூண்டோரம் நின்றேன். அடுத்து தேசம்மா பேரைக் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் வக்கீலம்மா கட்டைப் பிரித்துச் சான்றிதழை எடுத்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் இடதுபக்கம் சற்றுப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கீறேன் சாமி."

நம்பினால் நம்புங்கள், அந்தக் குரல் எனக்குத் தெரியாதா. எத்தனை வருஷம் எதிர்வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரல், கொஞ்சம் கரகரப்பு, புகையிலை போடுகிற தொண்டை. நான் திரும்பவில்லை. நீதிபதி கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல் குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒத்துக்கிறேங்கய்யா என்றேன். பக்கத்தில் கொஞ்சம் தாமதமாக அதே வார்த்தை கேட்டது, நான் சொன்னதைப் பார்த்துச் சொன்ன மாதிரி. இரண்டு பேருக்கும் அபராதம், கோர்ட் கலையும் வரை காவல் என்றார். அதாவது அன்றைக்கு நீதிபதி எழுந்து போகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை.

சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இடதுபக்கம் பெஞ்சு லேசாக அழுந்தியது. புகையிலை வாசனை வந்தது. கடைக்கண்ணில் ஒரு பச்சைப் புடவை ஓரம் தெரிந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தது. கூட்டம் நெரிகிறது, ஆனால் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு கிழவர் உட்கார வந்து, "ஆள் கீது போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்து போனார்.

அவள் என்னை எதுவும் செய்துவிடுவாள் என்று நான் பயப்படவில்லை, அது இல்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் பயந்தேன். இப்போது திரும்பலாம், இந்த வழக்கு முடிந்ததும் திரும்பலாம் என்று நினைத்து நினைத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். காதுக்குள் இரைச்சல், எதுவும் விழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

சாயங்காலம் நீதிபதி எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள். நான் எழுவதற்குள் இடதுபக்கம் பெஞ்சு லேசாகி மேலே வந்தது எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் எனக்குத் திரும்பத் தைரியம் வந்தது. அங்கே யாரும் இல்லை.

அபராதம் கட்டுகிற இடத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள், நானும் கட்டினேன். படிக்கட்டில் வக்கீலம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் கோபமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"உயிரோட இருக்கிறவங்களுக்குச் சாவு சர்டிபிகேட் கொண்டாந்து குடுக்கிறீங்களே, அதை நான் நீட்டியிருந்தா என் கதி என்னம்மா?"

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் நிலையைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். அப்புறம் போகிற போக்கில் சொன்னார்.

"உங்களுக்குள்ள என்ன சண்டையோ எனக்குத் தெரியாது. பாவம், அந்தம்மா மத்தியானம் பூரா உங்க பக்கமே திரும்பி உக்காந்து ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம் நீங்க."

என்ன கேட்டாள் என்றேன். தூரத்தில் இருந்ததால் காதில் விழவில்லை, ஆனால் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்ட மாதிரி இருந்தது என்றார்.

வாரண்ட் ரத்தானது, பாஸ்போர்ட் வந்தது, குவைத்துக்கும் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு வந்தேன். ஏழுமலையிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவன் பொய் என்று சொல்லவில்லை, பயப்படவும் இல்லை. அம்மா இன்னா கேட்டுச்சாம் என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவன் எழுந்து வேலைக்குப் போய்விட்டான்.

பஸ்ஸில் இடதுபக்கம் யாராவது வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் நான் சட்டென்று திரும்பி, என்னம்மா கேட்டீங்க என்று கேட்டுவிடுகிறேன். முன்பின் தெரியாதவர்கள், ஒன்றும் கேட்கவில்லையே என்று என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன மாதம் மட்டும் ஒரு பெண் அப்படிச் சொல்லவில்லை. "என்னைக் கேக்கறீங்களா, உங்களுக்கு அந்தாண்ட கீறவங்களைக் கேக்கறீங்களா?" என்றாள். எனக்கு அந்தாண்ட ஜன்னல்தான் இருந்தது.