காலை ஆறு மணி நில அதிர்வு

போன வியாழக்கிழமை என் இன்சூரன்ஸ் புரோக்கர் சுபா எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அங்கிள், உங்கட வீட்டிலை ஒவ்வொரு நாளும் பூமி ஆடுதாமே?"

ஆடியது பூமியல்ல... சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் எதை மறைத்தேன்?

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து, காலை ஆறு மணிக்கு ஹாலில் ஸ்கிப்பிங் அடித்து வந்தேன். நேர் கீழே, எங்கள் அஜின்கோர்ட் வீட்டு பேஸ்மென்டில், கார்த்திக் வாடகைக்கு இருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி. வேலை.

"சார், தினமும் காலைல லைட் ஆடுதே... என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டு, குதிப்பது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

"உது சின்ன நில அதிர்வு தம்பி. இஞ்சை இடைக்கிடை வரும்."

மனுஷன் நம்பிவிட்டார்! நேரம் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிர்வுக்கு லீவு என்பதையும் கண்டுபிடித்தார். பிறகு வந்தது அடுத்த கேள்வி.

"எர்த்குவேக் இன்சூரன்ஸ கவர்மென்ட் கம்பல்சரி ஆக்கணும் சார். நீங்க எடுத்திருக்கீங்களா?"

"ஓம் ஓம்" என்று தலையாட்டி வைத்தேன். இரண்டாவது பொய்.

அவருக்குத் திருப்தியில்லை. பேஸ்மென்ட் சமையலறையில் சுபாவின் சிரித்த முகம் போட்ட கலண்டர் தொங்குகிறது. மாட்டியது யார்? நானேதான்! அதிலிருந்த நம்பருக்கு அடித்துவிட்டார்.

"நிலநடுக்க இன்சூரன்ஸ் உங்களிட்டை இல்லை அங்கிள். அது கட்டாயமும் இல்லை" என்றாள் சுபா, அந்த வியாழக்கிழமை ஃபோனில்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"ஆனா பேஸ்மென்டிலை ஆள் இருக்கெண்டு சொல்லுறது கட்டாயம். ஏன் சொல்லேல்லை? நாளைக்கு நெருப்புப் பிடிச்சா கொம்பனி கையை விரிச்சிடும்."

கால் நடுங்கியது. எங்கள் வீட்டின் முதல் உண்மையான அதிர்வு அதுதான். இருபது வருஷ உழைப்பு இந்த வீடு. அது பறிபோக பூமி பிளக்கவா வேண்டும்? கார்த்திக்கின் தோசைக்கல் போதுமே!

நாம் எல்லோரும் இப்படித்தான். வராத ஆபத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். ஃபோர்மில் ஒரு பெட்டிக்குள் சரி போட மட்டும் கை வராது.

அன்றே கார்த்திக்கின் பெயரைப் பதியச் சொன்னேன்.

"சரி அங்கிள்... அந்த அதிர்வு?"

"அது நான்தான், பிள்ளை."

சுபா சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் பிடித்தது. அன்று மாலை கார்த்திக்கிடமும் உண்மையைச் சொன்னேன்; அவர் இன்னும் முடிக்கவில்லை.

இப்போது ஸ்கிப்பிங் கராஜில். அங்கே நடுங்குவது என் கார் மட்டும்தான் — அதற்கு இன்சூரன்ஸ் கட்டாயம்!