தவுல் கிழிந்த அன்று

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அண்ணனின் நாதஸ்வரத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். கூடவே இருபது வருடம் தவுல் அடித்த எனக்குச் சொல்ல இருப்பதோ ஒரே ஒரு நாள் சங்கதிதான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்த அண்ணன், பிழைப்புக்காகக் கப்பலேறிப் பேராக்குக்கு வந்தார். காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் வாசிப்பார். பிறகு வாசிப்பே பிழைப்பாயிற்று. கோபம் என்றால் என்னவென்றே தெரியாதவர். அவர் பங்கையும் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டார் போலும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு திருவிழாக் காலம். தாப்பாவில் வாசித்து முடித்தோம். மறுநாள் மாலை லகாட்டில் சாமி புறப்பாடு. அந்தக் கோவிலில் அதுதான் முதல் அழைப்பு. நன்றாக அமைந்தால் வருடாவருடம் உங்களுக்கே என்று சொல்லியிருந்தார்கள். அண்ணனும் நானும் சுருதிக்கு ஒத்து ஊதும் மச்சானும் காலையில் லாரியில் கிளம்பினோம். கொட்டிய மழையில் லாரி நின்றுவிட, பக்கத்துத் தோட்டத்தில் ஒதுங்கினோம். தவுல் நனைந்து, தட்டினால் தொப் தொப் என்றது.

காற்றிலேயே காயட்டும், அவசரப்படாதே என்று சொல்லிவிட்டு அண்ணன் கண்ணயர்ந்தார். நான் கேட்கிற ஆளா? ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகை அங்கே இருந்தது. ஷீட்டு காயும் இடத்தில் தோல் காயாதா என்று தவுலைக் கொண்டுபோய் மாட்டினேன். சற்று நேரத்தில் படார் என்று ஒரு சத்தம். வலந்தலைத் தோல் குறுக்காகக் கிழிந்து கிடந்தது. கைவசம் இருந்த ஒரே மாற்றுத் தோலையும் தாப்பாவிலேயே மாட்டியாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அண்ணன் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. லாரி கிளம்பிவிட்டது, ஏறு என்றார். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லகாட்டில் கோவில் தலைவரின் முகம் சுருங்கிப் போயிற்று. தவுல் இல்லாமல் சாமி எப்படிப் புறப்படும் என்று கேட்டார். அண்ணன் கைகூப்பினார்.

"தப்பு எங்களுதுங்க. கொஞ்ச நேரம் வாசிக்கிறேன். மனசுக்குப் புடிக்கலன்னா இப்படியே போயிடுறோம்."

தோடி ராகத்தை எடுத்தார். ஒத்து மட்டும்தான் துணை. வழக்கமாக அவர் ராகம் வாசிக்கும்போது, அடுத்து எங்கே புகுந்து அடிக்கலாம் என்பதிலேயே என் புத்தி இருக்கும். அன்று கையில் ஒன்றுமில்லை. அடேயப்பா! ஒரே மூச்சில் மேல் சுரத்துக்குப் போனவர் அங்கேயே நின்றார். இந்த மனிதரா என்னோடு ஒரே பானைச் சோற்றைத் தின்கிறார் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஈயச் சுரங்க வேலை முடிந்து போன சீனர்கள்கூட சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள். தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமியைத் தூக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "தோலு போனா மாத்திக்கலாம் தம்பி. நீ நல்லா கேட்டியா, அது போதும்" என்றார் அண்ணன்.

கடைசி மாதங்களில் மூச்சு விடவே சிரமப்பட்டார். மாறி மாறிப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட தங்கைகளுக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கம் கேட்க வந்த இடத்தில், அண்ணன் வாசித்ததைச் சொல்லிச் சொல்லி அழுதீர்களே, அதற்கு என் தனி நன்றி. இருபது வருடம் என் தவுல் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போன அண்ணனை நீங்கள்தான் கேட்டு வைத்திருக்கிறீர்கள்.