தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு புள்ளி

தையற்காரம்மாவுக்கு வாய் அதிகம். ஒரு ரவிக்கைக்கு அளவெடுப்பதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவாள். அந்த வாய்க்காகத்தான் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காரர்கள் அவளைப் பொதுமக்கள் குழுவில் சேர்த்தார்கள். நோயாளிகளின் விவரங்களை வைத்து எந்தப் பகுதிக்கு என்ன சிகிச்சை தேவை என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. விவரம் தருகிற ஜனங்களும் கூட உட்கார்ந்து யோசனை சொல்ல வேண்டுமாம். அவளும் வீடு வீடாகப் போய், "பேரே வராது, படத்துல வெறும் புள்ளிதான். பயப்படாம சம்மதம் குடுங்க" என்று அடித்துச் சொன்னாள். தயங்கி நின்ற சொந்த மகளையும் அப்படித்தான் சம்மதிக்க வைத்தாள்.

மகள் அவளோடு இருந்துகொண்டு, வீட்டிலேயே ஊர்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். முன்பொரு சமயம் மனம் கலங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவள். மாத்திரை சாப்பிட்டுத் தேறி, இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். இது வெளியில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு குழந்தைகூட வாசற்படி ஏறாது. நம் ஆட்களைத்தான் தெரியுமே!

அன்றைய கூட்டத்தில், மனநலச் சிகிச்சை பெற்றவர்களின் வரைபடத்தைச் சுவரில் காட்டினார்கள். தெருக்களில் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் ஒற்றையாக ஒன்று. அங்கே இருப்பதே ஒரு வீடுதான். அவளுடைய வீடு.

"அடுத்த வாரம் இதை எல்லாரும் பாக்கட்டும்னு வாசல்ல மாட்டப்போறோம்" என்று சிரித்தாள் ஆராய்ச்சிக்காரப் பெண். பக்கத்து நாற்காலியில் அதே குழுவில் இருக்கிற வேன்காரர். அவருடைய குழந்தை பகலெல்லாம் மகளிடம்தான் இருக்கிறது. அவர் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

"ஏங்க்கா, தொட்டிக்குப் பின்னாடி உங்க வீடு மட்டும்தானே?"

அவ்வளவு பெரிய வாய் அடைத்துப்போனது. பேசாமல் இருந்தால் மகளைத்தான் நினைப்பார்.

"ஆமா தம்பி. அது நான்தான்" என்றாள். "எனக்குத்தான் புத்தி பேதலிச்சுது. மாத்திரையிலதான் வண்டி ஓடுது. மொதல்ல அந்தப் புள்ளிய எடுங்கம்மா! ஒத்த வீடு இருக்கிற எடத்துல புள்ளி வெச்சா, பேரை எழுதி ஒட்டின மாதிரிதானே?"

ஆராய்ச்சிக்காரப் பெண் முகம் வெளுத்துப் படத்தை அணைத்தாள். மன்னிப்புக் கேட்டாள், வரைபடத்தை மாட்டப்போவதில்லை என்றாள். வேன்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, வேன் வருமா வராதா என்ற பயத்தில் அவளால் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. ஒருவழியாகச் சத்தம் கேட்டது. குழந்தை இறங்கி ஓடிவந்து மகளின் காலைக் கட்டிக்கொண்டது. அப்பாடா என்று எழுந்தவள், வழக்கம்போல அதன் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டினாள்.

பின்னாலேயே வந்த வேன்காரர் குழந்தையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதம்மா" என்று மகளிடம் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவை அக்காகிட்ட மட்டும் தனியா விட்டுடாத. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

மகள் திகைத்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்தபடி, மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, அவர் கண்முன்னாலேயே அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.