தண்ணீரில் கரைந்த கடைசி அத்தியாயம்

அச்சில் ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் கனகலதா ஸோமுக்குச் சோறு இறங்காது. ஷ்யாம்பஜாரில் ஒரு மிட்டாய்க் கடையின் பெயர்ப்பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்ததற்காக உள்ளே போய்ச் சண்டை போட்டு, அவர்களாகவே சந்தேஷ் கொடுத்து அனுப்பும்படி செய்தவள். 'சப்தபர்ணி' வார இதழில் பிழை திருத்துபவளாகப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. சிரிக்கத் தெரியாதவள் என்று அலுவலகத்தில் பேச்சு. ஆனால் அவள் பார்க்காத பக்கத்தை அச்சேற்ற யாருக்கும் துணிச்சல் கிடையாது.

சப்தபர்ணி முப்பத்தொரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்த இதழ். அதில் அப்போது சிப்தோஷ் மைத்ரா எழுதிய தொடர்கதை முடியும் தறுவாயில் இருந்தது. வாரா வாரம் வீட்டுப் பெண்கள் படித்து முடித்த பிறகுதான் ஆண்கள் கைக்கே இதழ் போகும்.

எழுபத்தெட்டாம் வருடம், துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அலுவலகம் இருந்த ஆம்ஹர்ஸ்ட் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தளத்து மேசையின் அடி இழுப்பறையில் இருந்த கடைசி அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதி ஊறி, மசி கரைந்து, வெறும் நீலக் கறையாகிவிட்டது. அச்சுக்கோக்க இன்னும் கொடுத்திருக்கவில்லை. நகலும் இல்லை.

ஆசிரியர் ஹிமாத்ரி தாலுக்தார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "கனக் தீதி, நீங்கதான் அதைப் படிச்சீங்க. ஞாபகம் இருக்கிறதை எழுதிக் குடுத்துடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல? திருத்துறதுதான் என் வேலை. அவர் கதையை நான் எப்படி எழுதுவேன்?" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

எழுத்தாளர் வீடு பாக்பஜாரில். டிராம் ஓடவில்லை. கைரிக்‌ஷாக்காரர் ஒருவர் பாதி வழி இழுத்தார்; மீதியைத் தண்ணீரில் நடந்தே கடந்தாள். மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்த சிப்தோஷ், நனைந்து நின்றவளைக் கண்டு பதறி எழுந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. "போச்சு. ஒரே மூச்சுல எழுதினது. எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லையே!"

"எனக்கு இருக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒத்துக்க முடியாததை மாத்துங்க."

அவள் ஈரப் புடவையோடு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். படகுத்துறை, கல்யாணப் பந்தல், கதாநாயகி சேதி கேட்டுச் சங்கை நழுவவிடும் இடம். ஒரு கட்டத்தில் சிப்தோஷ் பேனாவை நிறுத்தினார். "இதை நானா எழுதினேன்? நல்லாத்தான் இருக்கு!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பந்தல்ல ஆசீர்வாதம் பண்றாரே அந்தப் பெரியப்பா, ஏழாவது அத்தியாயத்துலயே செத்துட்டாரு."

சிப்தோஷ் இருமலோடு சிரித்தார். "செத்தவனை எழுப்பிக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டேனா! நல்லவேளை, தண்ணி என் மானத்தைக் காப்பாத்துச்சு."

பெரியப்பாவின் இடத்தில் மணமகளின் தாயையே நிற்க வைத்தார். அந்தத் தாய் பேசிய நாலு வரி முந்தைய பிரதியில் இல்லாதது. எழுதியதை அவர் படித்துக் காட்டினார். கனகலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு காற்புள்ளியை மட்டும் இடம் மாற்றச் சொன்னாள்.

தாள்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு திரும்பினாள். ஈய எழுத்துப் பெட்டிகளை ஏற்கெனவே மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் வடிந்து இயந்திரம் ஓட மேலும் மூன்று நாளாயிற்று. அந்த வாரச் சப்தபர்ணி திங்கட்கிழமை வந்தது, பாதிப் பக்கங்களோடு. மணமகளின் தாயைப் பற்றி மட்டும் அறுநூறு கடிதங்கள் வந்தன.

தொடர் புத்தகமானபோது முன்னுரையில் அவள் பெயரைப் போட்டுவிடுவேன் என்றார் சிப்தோஷ். கனகலதா முன்னுரையின் புரூஃபை வாங்கிப் படித்தாள். தன் பெயர் வந்த வரியை அடித்துவிட்டு, அதே பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். சிப்தோஷ் பிழைத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டார். அடித்த வரியை மட்டும் திரும்பச் சேர்த்து அச்சிட்டார். புத்தகம் கைக்கு வந்த அன்றைக்கு அவள் சிரித்ததை அலுவலகமே பார்த்தது.