பள்ளத்தில் நின்ற தேயிலை லாரி

துக்குயு மலையில் லாரியை மேடு பார்த்து யாரும் நிறுத்தமாட்டார்கள். இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். சாவிக்கு வராத வண்டியை நாலு பேர் சேர்ந்து இறக்கத்தில் தள்ளிவிட்டால் வந்துவிடும் என்று அங்கே எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

துசெகிலேயும் அப்படித்தான் நிறுத்துவாள். லுபாலா கிராமத்துத் தேயிலைச் சங்கத்தின் லாரியை ஓட்டுகிறவள் அவள். நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் திருச்சபையின் ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டினாள். சேறு, மழை, பிரசவ வலியில் அலறும் பெண்கள் என்று எல்லாம் பார்த்தவள். ஸ்டியரிங்கில் கை வைத்து, கண்ணை மூடி, ஒரு சின்ன ஜெபம் செய்யாமல் சாவியைத் திருப்பமாட்டாள்.

"கடவுளே, அக்காவுக்குச் சீக்கிரம் பதில் சொல்லிடுப்பா, இலை வாடுது" என்று இலை பறிக்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அறுபது வீட்டு இலையும் லாரியில் ஏறிவிட்டது. ஆறு மணிக்குள் தொழிற்சாலை வாசலைத் தொட்டாக வேண்டும். பறித்த இலை மூட்டைக்குள் நெருங்கிக் கிடந்தால் சூடேறும், சூடேறினால் கறுத்துவிடும். கறுத்த இலையைத் தொழிற்சாலை திருப்பி அனுப்பிவிடும்.

ஜெபம் முடித்துச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். அதே கதை.

"அட, தள்ளுங்கப்பா!" என்றார் அம்பகிசியே. சங்கத்தில் எடை பார்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, என்னன்னு பாத்துடறேன்..."

அதற்குள் பத்துப் பேர் பின்னால் கை கொடுத்துவிட்டார்கள். லாரி உருண்டது. கியரில் விட்டாள், குலுங்கியது, பிடிக்கவில்லை. இன்னும் உருண்டது. கடைசியில் ஓடைப் பாலத்தண்டை, பள்ளத்தின் அடியில் போய் நின்றது. இனி அதற்குக் கீழே இறக்கமும் இல்லை, அவ்வளவு பாரத்தை மேலே தள்ள ஆளும் இல்லை.

துசெகிலே யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எல்லாரும் செத்த நேரம் பேசாம இருங்க" என்றாள். சாவியைப் பாதி திருப்பி எஞ்சின் பக்கம் காது கொடுத்தாள். எப்போதும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். இன்றைக்கு வரவில்லை.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டீசல் பம்பின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு சோலனாய்டு இருக்கிறது. சாவி போட்டால் மின்சாரம் வந்து அதன் உள்ளே இருக்கும் ஊசியை மேலே இழுக்கும், டீசல் இறங்கும். சாவியை எடுத்தால் ஊசி விழுந்து அடைத்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். அது செத்துப்போனால் எத்தனை மலையிலிருந்து உருட்டினாலும் டீசல் வராது.

ஒயர்தான் விட்டுப்போயிருக்கும் என்று முதலில் ஆசைப்பட்டாள். கழற்றிச் சுரண்டி மாட்டினாள். சத்தமில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்துத் தொட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

டவுனில் இருக்கிற மெக்கானிக் குவகிசாவுக்குப் போன் போட்டாள். "புதுசு வாங்கிட்டு நாளைக் காலைல வரேன் அக்கா" என்றான். சங்கச் செயலாளர் ம்வைபோபோவுக்கும் போட்டாள்.

"ஐயா, நானே கழட்டி ஊசியை வெளிய எடுத்துட்டு மூடிடலாம்னு பாக்கறேன். டீசல் தானா இறங்கும்."

"ஓட்டுநர் எஞ்சின்ல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா இல்லையா? பம்புக்குள்ள ஒரு மண்ணு விழுந்தா பம்பே போச்சு. வேலை போயிடும்மா உனக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது, பாலத்தண்டை முழுக்கச் சேறு. பம்பைத் திறக்க இதைவிட மோசமான இடம் கிடைக்காது. சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினாள். வேலை போனால், அவளுடைய துண்டுத் தேயிலைத் தோட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. மகள் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஆனால் பின்னால் இருக்கிற இலை அறுபது வீட்டுக்கு அடுத்த மாசச் சாப்பாடு. பம்பைத் திறக்கிற தைரியத்தை அவள் கேட்கவில்லை. கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கர்த்தரிடம் கேட்டாள்.

இறங்கி வந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"ஏம்மா, இதென்ன வாழைக்காய் சீவுற வேலைன்னு நெனைச்சியா?" என்றார் அம்பகிசியே.

"வாழைக்காயைக் கூடக் கழுவாம சீவமாட்டேன் அண்ணே. அந்த டீசல் கேனை இப்படிக் குடுங்க."

பம்பைச் சுற்றி டீசல் ஊற்றி மூன்று தரம் கழுவினாள். தன் கையைக் கழுவினாள், ஸ்பேனரைக் கழுவினாள். லாரிக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்த பெண்கள், யாரும் சொல்லாமலே, உடைக்கு மேல் சுற்றியிருந்த துணிகளை அவிழ்த்து, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, எஞ்சினுக்கு மேல் கூரை போட்டார்கள். அவர்கள் தலையில் மழை கொட்டியது, பம்பின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

மரை மெதுவாக இளகியது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டே சோலனாய்டைத் தூக்கினாள். ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துத் தலைத்துணியின் முனையில் முடிந்துகொண்டாள். வெறும் சோலனாய்டை மூடிபோலத் திரும்ப முறுக்கினாள். திறந்திருந்த நேரம், ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இருக்காது.

சாவியைத் திருப்பினாள். ரெண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெண்கள் போட்ட குலவையில் ஓடைச் சத்தம் கேட்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை எடை மேடையில் ஏறினாள்.

"எஞ்சினை நிறுத்துங்கக்கா, அப்பத்தான் எடை" என்றான் காவலாளி.

சாவியைப் பிடுங்கினாலும் இனி அது நிற்காது. பிரேக்கை அழுத்தி மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளச்சை விட்டாள். லாரி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுவிட்டு அடங்கியது.

"ஐயோ! எடை மேடையை ஒடைக்கவா வந்தீங்க?"

"மன்னிச்சுக்கோ தம்பி. இன்னைக்கு இதுக்குக் காது கேக்கலை, கழுத்தைப் பிடிச்சுத்தான் நிறுத்தணும்."

குமாஸ்தா ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். எல்லாம் பச்சை. அடியில் கிடந்த இரண்டு மூட்டை மட்டும் சூடேறிக் கறுத்திருந்தது. அவை துசெகிலேயின் சொந்தத் தோட்டத்து இலை. அவளுடையதை எப்போதும் முதலில் ஏற்றி அடியில் போட்டுவிடுவாள், சீக்கிரம் சூடேறுகிற அந்த இடத்தை மற்றவர்கள் மூட்டைக்குக் கொடுக்க வெட்கம். அந்த இரண்டையும் அவளே இறக்கிப் போட்டாள். மீதியெல்லாம் தேறியதற்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மறுநாள் காலையில் குவகிசா வந்து பம்பைத் திறந்தான். செயலாளரும் அம்பகிசியேயும் கூடவே நின்றார்கள். அவன் உள்ளே விளக்கடித்துப் பார்த்தான், ஓரமெல்லாம் துணியால் துடைத்துப் பார்த்தான். துணி வெள்ளையாகவே வந்தது.

"நான் திறந்திருந்தாக்கூட இவ்ளோ சுத்தமா இருந்திருக்காது ஐயா" என்றான்.

துசெகிலே தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, ஊசியையும் ஸ்பிரிங்கையும் செயலாளர் கையில் கொடுத்தாள். அவர் அவற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த தடவை எங்கிட்ட முதல்ல சொல்லிட்டுச் செய்யி."

"இந்தத் தடவையும் முதல்ல உங்ககிட்டதான் ஐயா சொன்னேன்" என்றாள் அவள், வழக்கமான மெல்லிய குரலில்.

அம்பகிசியேதான் முதலில் சிரித்தார். கடைசியில் செயலாளரும் சிரித்துவிட்டார்.