ஆணி அடித்துக் கொடுத்த வீட்டுக்காரம்மா

எண்பத்துமூன்றில் காரிமங்கலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா நல்ல உயரம். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே பேசினார். குடிவருபவர்கள் அடித்தால் சுவர் பெயர்ந்துவிடும் என்று எல்லா ஆணியையும் அவரே அடித்துக் கொடுப்பார்.

"சாமி படம் எந்தச் சொவுத்துலங்க?"

நாங்கள் கிறிஸ்தவர்கள். அதைச் சொல்லித்தான் இரண்டு வீடு கைவிட்டுப் போயிருந்தது. மனைவி நிறைமாதம். இருந்தாலும் சொன்னேன்.

"மாதா படங்க."

ஆணியை வாயிலிருந்து எடுத்தார்.

"கண்ணாடி போட்டதா, வெறும் காயிதமா? கனம் தெரியாம அடிச்சா வுழுந்துடுமில்ல?"

"கண்ணாடி போட்டதுங்க."

பெரிய ஆணியாகப் பொறுக்கி அடித்தார். அன்றைக்கே சாமான் இறக்கினோம். மற்றவர்கள் சாமியைப் பார்த்த இடத்தில் அவர் சுவரை மட்டும் பார்த்தார். அது நல்ல மனசா, சுவர் மேல் இருந்த ஆசையா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.