வடக்குக் கோலுக்குப் பின்னால்

அந்த வருஷம் ஜூலையில் தொடங்கி அடுத்த மே வரை, ரஷ்யாவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் ஒரு குறிப்பிட்ட அணி ஆடிய எல்லா ஆட்டங்களையும் ஒன்று விடாமல் பார்த்தேன். ஆசைப்பட்டு அல்ல. அதுதான் எனக்குக் கிடைத்த வேலை.

அதற்கு முன்பு, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்தேன். அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. நாற்பத்து நான்கு வயதில் என்னிடம் மிஞ்சியிருந்தது விரல் வேகம் மட்டும். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த இந்த ஆபீஸுக்கு அது போதுமாக இருந்தது. ஆட்டம் திரையில் ஓடும். யார் யாருக்குப் பந்தைத் தள்ளினான், எங்கே தவறியது, யார் யாரை இடித்தான் என்று ஒவ்வொன்றையும் அந்த நொடியிலேயே கணினியில் பதிய வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர், அணிக்கு ஒருவர். இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். விழிஞ்ஞத்தில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வீடு போட்டவன். முப்பத்திரண்டு வயது. ஊர் அணிக்குக் கோல்கீப்பராக நின்று, தோள்பட்டை இறங்கி, விளையாட்டை விட்டவன். எனக்கோ ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. முதல் வாரம் முழுக்க நான் விட்டதையெல்லாம் அவன்தான் பதிந்து காப்பாற்றினான்.

ஆட்டத்துக்கு அரைமணி முன்பு ஆட்டக்காரர்கள் பட்டியல் ரஷ்ய எழுத்தில் வரும். இரண்டு வாரத்தில் இருவரும் அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகினோம். எழுத்து தெரியும், பொருள் தெரியாது. அந்த அரைகுறை அறிவில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை வேறு இருந்தது.

எங்கள் அணி தெற்கே, ஓர் ஆற்றங்கரை நகரத்து அணி. கருநீலச் சட்டை. பெரிய அணி இல்லை. பதினாறில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ வந்தால் அந்த ஊருக்கு நிம்மதி. பயிற்சியாளர் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட வயதானவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்பார். கத்தவே மாட்டார்.

"இவரு கொள்ளாம் அக்கா," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். "இந்த மாதிரி ஆளுக்குக் கீழ கோல் நிக்கணும். தப்பு பண்ணினாலும் மூஞ்சியில காட்ட மாட்டாரு."

ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் கோல் வாங்குவது எங்கள் அணிக்கு வியாதி மாதிரி வந்துவிட்டது. செப்டம்பரில் ஒருநாள் அந்தச் சாம்பல் கோட்டுக்காரர் கோட்டோரத்தில் இல்லை. அவர் இடத்தில் பால்கன் தேசத்துக்காரர் ஒருவர் நின்று தண்ணீர்ப் பாட்டில்களை உதைத்துக்கொண்டிருந்தார். நிர்வாகம் இரண்டு வரி அறிக்கை விட்டதாகச் சொன்னார்கள்.

வேறு சில விஷயங்கள் மெதுவாகத்தான் கண்ணில் பட்டன. தெற்கு நகரங்களில் விமான நிலையங்கள் மூடிக் கிடந்தன. எங்கள் ஆட்டக்காரர்கள் வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் நாள் கணக்கில் போய், கால் வீங்கி இறங்கினார்கள். சில ஆட்டங்களில் தொடக்க விசிலுக்கு முன்பு பச்சைச் சீருடைக்காரர்கள் வரிசையாக மைதானத்துக்கு வந்து நிற்பார்கள். ஒருவர் ஊன்றுகோலோடு நின்றார். வடக்குக் கோலுக்குப் பின்னால் இருந்த மின்பலகையில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடும்: தலைக்கவசம் போட்ட ஒரு முகம், ஒரு போன் நம்பர், ஒரு பெரிய சொல். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டினேன். "கான்ட்ராக்ட்."

"வீடு கட்டற கான்ட்ராக்டர் போல," என்றேன்.

"ஹெல்மெட் வேற இருக்கே. அதாக்கும்," என்று சிரித்தான்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிஷம் ஆகியிருந்தது. நடுவர் திடீரென்று விசில் ஊதினார். ஃபவுல் எதுவும் இல்லை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் சுரங்கப் பாதையை நோக்கி ஓடினார்கள். எங்கள் கோல்கீப்பர் கையுறையைக் கழற்றியபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினான். ஹெட்போனில் வான்தாக்குதல் சைரன் கேட்டது. கேமராக்காரரும் போய்விட்டார் போல, படம் அசையாமல் நின்றது. காலி மைதானம். நடுவட்டத்துக்கு அருகே கிடந்த பந்து. ஏறி ஏறி இறங்கும் அந்தச் சத்தம். முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் நின்றால் காரணம் பதிய வேண்டும். பட்டியலில் காயம், மின்தடை, கூட்டத் தகராறு, வானிலை, இவ்வளவுதான் இருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"வெதர்னு போட்டா மதி," என்றார். "வேற ஒண்ணும் எழுதண்டா."

வானிலை என்றே போட்டேன். மறுபடி ஆட்டம் தொடங்கியபோது எங்கள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனுக்குக் கால் ஓடவே இல்லை. அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினோம்.

டிசம்பர் தொடக்கத்தில் பனிக்கால இடைவேளை வந்தது. மூன்று மாதம் ஆட்டம் கிடையாது. எங்களுக்கும் ஷிஃப்ட் கிடையாது, மார்ச்சில் கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் அணி அப்போது கடைசிக்கு மேலே, பதினைந்தாவது இடத்தில் இருந்தது.

ஜனவரியில் ஒருநாள் காலை அவன் ஸ்ரீவராகத்தில் இருந்த என் வீட்டுக்கே வந்தான். முகம் முழுக்கச் சந்தோஷம். கடற்கரையில் ஓர் ஆள் மூலமாக ரஷ்யாவில் வேலை அமைந்திருக்கிறதாம். ஸ்டேடியத்தில். பனி வாருவது, புல் பார்ப்பது, சின்னச் சின்ன ரிப்பேர்.

"எந்த ஊரு ஸ்டேடியம்னு கேளுங்க அக்கா."

"எந்த ஊரு?"

"நம்ம டீமோட ஊரு!"

போனில் காகிதத்தைக் காட்டினான். இரண்டு பக்கம், ரஷ்ய மொழியில். முதல் பக்கத்தை என் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். துணைப் பணியாளர், கட்டுமானம், பராமரிப்பு என்று வந்தது. இரண்டாம் பக்கத்துப் படம் கலங்கியிருந்தது. போனுக்கு அதைப் படிக்க முடியவில்லை. தலைப்பில் இருந்த பெரிய சொல்லை மட்டும் நான் கூட்டிப் படித்தேன். "கான்ட்ராக்ட்." வேலைக் காகிதத்தில் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

"இதைத் தெளிவா படம் எடுத்து அனுப்பச் சொல்லேன்," என்றேன்.

"அது ரூல்ஸாக்கும் அக்கா. லீவு, சாப்பாடு அந்த மாதிரி."

அன்று அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோ வாசலில் நின்றது. நான் மறுபடி வற்புறுத்தவில்லை. "ஒழுங்கா இருக்கற மாதிரிதான் தெரியறது, பாத்துக்கோ," என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

போகும்போது படியில் நின்று சொன்னான்: "மார்ச்சுல முதல் ஹோம் மேட்ச். வடக்குக் கோலுக்குப் பின்னால பாருங்க. ஆரஞ்சு கோட்டு போட்டுட்டு நிப்பேன். ரெண்டு கையையும் தூக்குவேன். நீங்க வேற யாருக்காவது பாஸ்னு பதிஞ்சிராதீங்க."

போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் அனுப்பினான். பனி, பின்னால் ஒரு பஸ். அப்புறம் ஒரு குரல் செய்தி: "குளிரு கடுப்பம் அக்கா. ட்ரெயினிங் இருக்காம், மூணு வாரம்." புல் பார்க்க எதற்கு மூன்று வாரப் பயிற்சி என்று ஒரு கணம் தோன்றியது. பனிதேசம், முறை வேறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு படம் வந்தது. நீளமான ஓர் அறை, இரண்டடுக்குக் கட்டில்கள், தலையை மழித்துக்கொண்ட அவன். சிரிக்கவில்லை. பிப்ரவரி நடுவில் செய்திகள் நின்றன. நான் அனுப்பியவற்றுக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.

மார்ச் முதல் வாரம் ஆபீஸில் கூப்பிட்டார்கள். முதல் சொந்த மைதான ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் நாலரைக்கு. அன்று மத்தியானம் வாசல் காவலாளி போன் செய்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்றார். கீழே போனால் அவன் மனைவி. விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சேச்சி, நான் கொஞ்ச நேரம் அந்த ஸ்கிரீன்ல பாத்துட்டுப் போறேன். எங்க ஆளு கோலுக்குப் பின்னால நிக்கும்னு சொல்லிட்டுல்ல போச்சு?"

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார். அவனுடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மற்ற அணியை வேறு மேசையிலிருந்து ஒரு பையன் பதிந்தான்.

மைதானத்தின் ஓரமெல்லாம் வாரிக் குவித்த பனி. கோட்டோரத்தில் மூன்றாவது பயிற்சியாளர், அந்த அணியின் பழைய ஆட்டக்காரராம். முன்வரிசையில் ஆடிய பிரேசில்காரனைக் காணோம். இலையுதிர் காலம் முழுக்க எங்கள் அணிக்குக் கோல் போட்டவன் இடைவேளையில் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை. பந்து வடக்கே போகாதா, கேமரா அந்தப் பக்கம் திரும்பாதா என்றே காத்திருந்தேன். பதிய வேண்டியது வரிசையாகத் தவறிக்கொண்டிருந்தது.

முப்பதாவது நிமிஷம் வடக்குப் பக்கம் ஒரு கார்னர். கேமரா நெருங்கியது. கோலுக்குப் பின்னால் ஆரஞ்சுக் கோட்டில் மூன்று பேர், முகம் தெரியாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு. நான் அவள் கையைப் பிடித்தேன். ஒருவன் மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தான்.

"அவனா?" என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அல்ல சேச்சி. எங்க ஆளு நடக்கறது இப்படி அல்ல."

கார்னர் முடிந்தது. கேமரா விலகியது. மின்பலகையில் அந்த விளம்பரம் ஓடியது. தலைக்கவசம் போட்ட முகம் கொஞ்சம் திரும்பியபோது, அதன் கையில் இருப்பது துப்பாக்கி என்று முதல்முறையாகப் பார்த்தேன். அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அத்தனை மாதமும் என் கண் பந்தின் பின்னால் போயிருந்தது. அந்தச் சொல்லையும் அதன் கீழிருந்த சின்ன எழுத்தையும் இந்தத் தடவை போனில் காட்டி மொழிபெயர்த்தேன். ராணுவத்தில் ஒப்பந்தப் பணிக்குச் சேருங்கள் என்று வந்தது.

அவன் காட்டிய இரண்டாம் பக்கத்தின் தலைப்பிலும் அதே சொல்தான் இருந்தது. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, நீங்க அந்தக் காகிதம் வாசிச்சுப் பாத்தீங்கல்ல? குழப்பம் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கன்னு சொல்லுச்சு."

பாதிதான் வாசித்தேன் என்று சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. தலையை ஆட்டினாள். ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். நானும் கூடப் போனேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளிலிருந்து பள்ளி அச்சனை, அதாவது சர்ச் பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு, அவனை மீட்டுத் தரச் சொல்லி அவள் அரசு ஆபீஸ்களில் மனு கொடுக்க ஆரம்பித்தாள். சில நாள் நானும் போனேன். அவன் அனுப்பிய படங்கள், செய்திகள், காகிதம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அங்கே பெஞ்சுகளில் எங்களைப் போல வேறு குடும்பங்களும் இருந்தன. சாயங்காலம் நான் ஆபீஸுக்குப் போய் ஆட்டத்தைப் பதிவேன். எங்கள் அணி ஏப்ரல் முழுக்க ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. இந்தியில் பேசிய ஒருவர், பக்கத்துக் கட்டில்காரராம். உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனை அவனிடம் கொடுத்தார். அவன் அவள் பெயரை மட்டும் சொன்னான்.

மே மாதக் கடைசி ஆட்டத்தில் எங்கள் அணி தோற்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் புல்லில் குப்புறக் கிடந்தான். விசில் வரை பதிந்து முடித்துவிட்டு, அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

மனுக்களுக்குப் பலன் கிடைத்து, மழை பிடித்த பிறகு அவன் ஊர் வந்து சேர்ந்தான். பத்து நாள் கழித்து விழிஞ்ஞத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே, அணி எப்படித் தோற்றது, யார் போனான், யார் வந்தான் என்று சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். அவன் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் இல்லை. தொடையில் இன்னும் இரும்புத் துணுக்கு இருக்கிறதாம்.

நான்தான் முதலில் பேசினேன். "அந்த ரெண்டாம் பக்கத்தை நான் பாத்திருக்கணும்."

"பாத்திருந்தாலும் நான் போயிருப்பேன் அக்கா," என்றான். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. "ஸ்டேடியத்தை ஒரு தடவை கண்டேன். பஸ் ஜன்னல் வழியா. நிறுத்துவாங்கன்னு எழுந்து நின்னேன். நிறுத்தல."

அதற்கு மேல், போர்முனையில் குழி தோண்டினதையும் ஆட்களைச் சுமந்ததையும் இரண்டு வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். என்னிடம் பழையபடி பேசினாள். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். நனைந்த குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் மகன் இவனோடு ஒரே பஸ்ஸில் இருந்தவனாம், இன்னும் திரும்பி வரவில்லையாம். தினமும் இந்த நேரத்துக்கு வருகிறார் என்று அவன் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மக்கா, நீ கடைசியா பாக்கும்போ அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உறங்கிட்டிருந்தான் அம்மா," என்றான் அவன்.

"போர்வை இருந்துதா?"

"இருந்துது."

அந்த அம்மா தலையாட்டினார். சற்று நேரம் மழையைப் பார்த்துவிட்டு மறுபடி அதையே முதலிலிருந்து கேட்டார். அவன் மறுபடி சொன்னான், ஒரு வார்த்தை மாறாமல். அவர் கேட்கும்போதெல்லாம் அவன் நல்ல கையால் காயம்பட்ட கையைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தேன். கிழக்கேகோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.